என் மகன் பேயாக வந்த படம்

அன்று சிங்கப்பூரில் எங்கள் மார்சிலிங் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

படம் எடுக்க வந்த பெண். என் மனைவியின் தங்கை மகள். என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள்.

அவளுடைய அம்மா. பிடோக்கிலிருந்து டாக்சியில் வந்தாள். எல்லாருக்கும் மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கி வந்து, பொட்டலங்களை யாரும் தொட்டுவிடாதபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கேமரா பிடிக்கும் சீனப் பையன். பேசமாட்டான். கையைக் காட்டுவான். நாம் நகர வேண்டும்.

நீளக் கம்பில் மைக்கைக் கட்டித் தூக்கிப் பிடித்திருந்த ஒரு பெண். கம்பைக் கை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

படத்தில் தாயாக நடித்த அம்மா. டிவி நாடகங்களில் பார்த்த முகம்.

செத்துப்போன மகனாக நடிக்க வந்த பையன்.

அந்தப் பையனைப் பெற்ற அம்மா. மகனுக்குச் சோறு கட்டிக்கொண்டு கூடவே வந்திருந்தார்.

என் மனைவி.

நான். சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சுவரில் என் மகன். மாலையோடு.

மகன் போய் அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனான். பின்னால் வந்த லாரி இடித்தது. மழை இல்லை. ரோடு காய்ந்துதான் இருந்தது. லாரிக்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கோர்ட்டில் சொன்னார்கள். கொஞ்ச நாள் உள்ளே இருந்தார். லைசென்சைப் பிடுங்கினார்கள். பிறகு கொடுத்துவிட்டார்கள். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

படக்கதையை என் மனைவியின் தங்கை மகள் முன்பே வந்து சொல்லியிருந்தாள். ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் சாகிறான். அவன் ஹெல்மெட்டைத் தாய் வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி அலமாரியில் வைத்துக் கும்பிடுகிறாள். அந்த ஹெல்மெட்டுக்குள் அவன் இருக்கிறான். அவன் சாவுக்குக் காரணமானவர்கள் ஒவ்வொருத்தராகச் சாகிறார்கள்.

"இது யார் கதை?" என்று கேட்டேன்.

"சும்மா கதைதான் பெரியப்பா," என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

என் மனைவிதான், "எடுக்கட்டும்ங்க. நம்ம வீட்டுப் புள்ள," என்றாள்.

படத்து ஹெல்மெட், கடையில் புதிதாக வாங்கி, கல்லில் தேய்த்துப் பழசாக்கியது. என் மகனுடையதைப் போலீஸ் என்னிடம் கொடுத்தார்கள். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

கறுப்புக் குப்பைப் பைகளை வெட்டி ஜன்னல்களில் ஒட்டினார்கள். வெளியே காலை வெயில். உள்ளே நடுராத்திரி. காற்றாடிச் சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்தினார்கள். பேய்ப்படத்தில் இவ்வளவு வியர்க்கும் என்று எனக்குத் தெரியாது.

முதலில், நடிக்க வந்த பையன் எங்கள் கூடத்தில் வெள்ளை வேட்டி போர்த்திப் படுத்தான். நடிக்கும் அம்மா அழுதார். நன்றாகத்தான் அழுதார். என் மனைவி அப்படி அழவில்லை. அன்று அவள் ஆஸ்பத்திரியில், இவனுக்குக் காலில் செருப்பு இல்லையே, செருப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதைப் படத்தில் எடுக்க முடியாது.

அடுத்தது போட்டோ. அந்தப் பையனின் முகத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் போட்டு, படம் எடுக்கும் பெண் கொண்டுவந்திருந்தாள். என் மகன் இருக்கும் இடத்தில் அதை மாட்டி, மாலை போட்டு, விளக்கேற்றி எடுக்க வேண்டும். என் மனைவி எங்கள் போட்டோவைக் கழற்றப் போனாள். மைக் பெண் பையிலிருந்து ஒரு சந்தன மாலையை எடுத்தாள். பையனின் அம்மா எழுந்துவிட்டார்.

"அது எதுக்கு?"

"ப்ராப் ஆன்ட்டி. ஷாட்டுக்கு வெக்கிற சாமான்."

"என் புள்ள போட்டோக்கு மாலை போடுவீங்களா? உசுரோட நிக்கிறான் பாருங்க."

"அம்மா, சினிமாம்மா," என்றான் பையன். "எல்லாரும் பண்றதுதான் லா."

"எல்லாரும் பண்ணட்டும். நீ வாய மூடு. தரையில செத்த மாதிரி படுத்ததுக்கே நான் கோயில்ல அர்ச்சனைக்குச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

என் மனைவியின் தங்கை மகள் பொறுமையாகச் சொன்னாள். "ஆன்ட்டி, எல்லா ஷூட்டிங்லயும் ஒரு வழக்கம் இருக்கு. செத்த மாதிரி நடிச்சவங்கள கடைசில கேமரா முன்னாடி சிரிக்க வெச்சு ஒரு ஷாட் எடுத்துடுவோம். தோஷம் போயிடும்."

"படுத்தவன் எந்திரிச்சு சிரிப்பான். போட்டோ எப்படிம்மா சிரிக்கும்?"

கேமராப் பையன் என்ன நடக்கிறது என்று புரியாமல் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

என் மனைவி கழற்றப் போன கையை இறக்கிவிட்டாள்.

"பெத்தவ சொல்றா. விடும்மா," என்றாள். "இவன் போட்டோவ வெச்சு எடுத்துக்க. இதுக்குத்தான் ஏற்கெனவே மாலை இருக்கே. இவனுக்கு இனிமே என்ன ஆகிடப் போகுது."

பையனின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குப் புண்ணியமா போகும்க்கா."

படம் எடுக்கும் பெண் என்னைப் பார்த்தாள். "பின்னாடி சும்மா தெரியும் பெரியப்பா. மங்கலாத்தான். யாருன்னே தெரியாது."

"பெரியம்மாதான் சொல்லிட்டாள்ல," என்றேன்.

என் மனைவி படத்துக்காகக் கொடுக்கவில்லை. அந்த அம்மாவுக்காகக் கொடுத்தாள். இன்னொருத்தி பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

போட்டோவில் ஒரு முகம், பேய்க்கு இன்னொரு முகம் என்றால் கதை இடிக்கும். கேமராப் பையனும் படம் எடுக்கும் பெண்ணும் மூலையில் இங்கிலீஷில் பேசினார்கள். பிறகு அவள் வந்து, பேய் கடைசிவரை ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் வரும், முகம் தெரியாத பேய்தான் இன்னும் பயங்கரம் என்றாள். பையனின் அம்மாவுக்கு அதில் பரம திருப்தி. முகம் தெரியாவிட்டால் கண்ணும் படாது. பையனுக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று. நடிக்க வந்த முதல் படம்.

எல்லாம் முடிந்ததும் அவனைக் கேமரா முன் நிற்கவைத்துச் சிரிக்கச் சொன்னார்கள். வராத சிரிப்பைச் சிரித்தான். "இன்னும் நல்லா சிரிடா," என்றார் அவன் அம்மா. எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். கற்பூரம் காட்டினார்கள். பழத்தை வாசலில் வைத்து மிதித்துவிட்டுப் போனான். என் மகனுக்கு யாரும் சுற்றவில்லை. செத்தவனுக்கு யார் சுற்றுவார்கள்.

மீ கோரேங் ஆறிப்போய்க் கட்டியாகிவிட்டது. அப்படியே சாப்பிட்டோம்.

என் மனைவி தேக்கா மார்க்கெட்டில் காய்கறிக் கடையில் நிற்கிறாள். படம் வரப்போகிறது என்று தெரிந்ததும் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "எங்க பையன் படத்துல வர்றான்." புதிதாக வந்தவர்கள், "அப்படியா, என்ன வேசம்?" என்பார்கள். "போட்டோவுல வர்றான்," என்று சொல்லிக்கொண்டே முருங்கைக்காயை நிறுப்பாள். தெரிந்தவர்கள் விலையை மட்டும் கேட்டு, காயை வாங்கிக்கொண்டு போவார்கள்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு புடவை வாங்கினாள். மகன் போனதற்குப் பிறகு அவள் தனக்கென்று வாங்கியது அதுதான். கத்திரிப்பூ நிறம்.

சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் போனோம். நான், அவள், அவளோடு கடையில் நிற்கும் ஒரு பெண். கொழுந்தியாள் குடும்பம் முன்வரிசையில். அரங்கு நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் இளவட்டங்கள்.

படம் ஓடியது. எங்கள் வீடு திரையில் வந்தது. எங்கள் ரைஸ் குக்கர், எங்கள் காலண்டர், எங்கள் செருப்பு அலமாரி. என் மனைவி பக்கத்துப் பெண்ணின் தொடையைத் தட்டித் தட்டிக் காட்டினாள். போட்டோ தூரத்தில் மங்கலாகத் தெரிந்தது. "அதோ," என்றாள்.

பிறகு லாரிக்காரர் செத்தார். படத்து லாரிக்காரர். ஹெல்மெட் தானாக அவர் தலையில் மாட்டிக்கொண்டது. உள்ளே மூச்சு முட்டி, லாரிக்குள்ளேயே துடித்து, கண்ணாடியை உதைத்து உதைத்துச் செத்தார். பையன்கள் கை தட்டினார்கள்.

நான் புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு கொண்டோ குடியிருப்பில் செக்யூரிட்டியாக இருக்கிறேன். உண்மையான லாரிக்காரர் ஒருமுறை என் கேட்டுக்கு வந்தார். யாருக்கோ சோபா கொண்டுவந்திருந்தார். அடையாள அட்டையை நீட்டினார். பேரைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேன். என்னை அவருக்குத் தெரியவில்லை. "அங்கிள், எந்த பிளாக் பக்கம் நிறுத்தணும்?" என்றார். காட்டினேன். தடுப்புக் கட்டையைத் தூக்கினேன். சோபாவை இறக்கிவிட்டுப் போனார். போகும்போதும் நான்தான் தூக்கினேன். இதை வீட்டில் சொல்லவில்லை.

அதனால் எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், தாய் விளக்கேற்றி நிமிர்ந்து பார்க்கிறாள். போட்டோ திரை முழுக்க வந்தது. மங்கலாக இல்லை. என் மகனின் முகம். புருவத்துக்கு மேலே சின்ன வயதில் விழுந்த தழும்புகூடத் தெரிந்தது. கண் இரண்டும் மெதுவாகத் திரும்பின. வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது, மனித வாய் திறக்க முடியாத அளவுக்கு. உள்ளேயிருந்து கறுப்பாக ஏதோ வழிந்தது.

அரங்கமே கத்தியது. கத்தி முடித்ததும் சிரித்தார்கள். எங்களுக்குப் பின்னால் ஒருவன், "டேய், அந்த மூஞ்ச பாரு லா," என்றான். கூட இருந்த பெண், "இனிமே நான் தூங்குன மாதிரிதான்," என்று சிரித்தாள்.

கடைப் பெண் என் மனைவி பக்கம் குனிந்தாள். "அக்கா, அது உங்க பையனா?"

"ஆமா," என்றாள் என் மனைவி. "என் பையன்."

கம்ப்யூட்டரில் செய்தது என்று பிறகு சொன்னார்கள். அது ஒரு கல்யாணத்தில் எடுத்த போட்டோ. அவன் போட்டோவுக்கு நிற்கவே மாட்டான். அவன் செத்த பிறகு தேடியதில் பெரிதாக்க அது ஒன்றுதான் கிடைத்தது. பக்கத்தில் நின்ற என் தோள் ஓரத்தில் தெரியும். வெட்டிவிடச் சொல்லியும் கடைக்காரர் வெட்டவில்லை. திரையில் என் தோள் இல்லை. அதை எடுக்கத் தெரிந்திருக்கிறது.

வெளியே வந்ததும் படம் எடுத்த பெண் ஓடிவந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். "எப்படி இருந்துச்சு பெரியம்மா?"

"நல்லா பண்ணிருக்க," என்றாள் என் மனைவி.

அந்த வாரம் நான் வேலை முடிந்து வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. போட்டோவைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள், போர்வைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். மாலையைக் கழற்றித் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டிருந்தாள்.

"எதுக்குக் கழட்டுன?"

"பாக்குது."

"எது?"

"அது. நான் சோறு வடிக்கிறப்ப வாயத் தொறக்கற மாதிரி இருக்கு."

"அது கம்ப்யூட்டர்ல பண்ணது."

"தெரியும்ங்க. அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் உடம்பு நடுங்குது." அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "பெத்த புள்ளையப் பாத்துப் பயப்படறேன். எவளுக்காச்சும் இது நடந்திருக்கா?"

வெள்ளிக்கிழமைகளில் தேக்காவிலிருந்து மல்லிச் சரம் வாங்கி வந்து அவனுக்கு வைப்பாள். அந்த வெள்ளிக்கிழமையும் கை பழக்கத்தில் வாங்கிவிட்டாள். குளிர்பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கேயே பழுத்துப்போனது. அடுத்த வாரம் வாங்கவில்லை.

நான் பிடோக்குக்குப் போனேன். கொழுந்தியாள் கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும், "மாமா வந்திருக்காரு, மழை வரப்போகுது," என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க வாயத் தொறந்து ஒண்ணு கேக்கறதே பெரிய விசயம் மாமா. அதுக்கு இதுதானா கெடச்சுச்சு? தன் புள்ள முகம் படத்துல வராதான்னு எத்தன பேரு ஏங்குறாங்க."

"இப்படியா ஏங்குறாங்க?" என்றேன்.

மகள் அறையிலிருந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "மங்கலா வெச்சு எடிட் பண்ணேன் பெரியப்பா. ஒண்ணுமே வரல. செத்துக் கெடந்துச்சு படம். அந்த ஒரு ஷாட்லதான் உசுரு வந்துச்சு. பாத்துட்டு எத்தன பேரு அழுதாங்க தெரியுமா?"

"சிரிச்சாங்க."

"பயந்தா சிரிப்பாங்க. அது அப்படித்தான்."

"உன் பெரியம்மா பயந்தா. சிரிக்கல."

"அண்ணன் சாவுக்கு யாரு என்ன பண்ணோம் பெரியப்பா? கோர்ட்டு முடிஞ்சுது, எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டோம். நான்தான் ஏதோ ஒண்ணு பண்ணேன். படத்துலயாச்சும் அந்தாளு செத்தான்."

"அவரு லாரி ஓட்டிட்டு நல்லா இருக்காரு. உன் படத்துல செத்தது வேற ஆளு. பேயா ஆனதுதான் எங்க ஆளு."

அழுதாள். அவளுக்கு என் மகன் அண்ணன்தான். பொய் இல்லை. அவளை மோட்டார் சைக்கிளில் ட்யூஷனுக்கு ஏற்றிப்போய் இறக்கியவன் அவன். அழுது முடித்துவிட்டு, தியேட்டரில் ஓடுவதை ஒன்றும் செய்ய முடியாது, அடுத்து போனில் பார்க்கிற மாதிரி வரப்போகிறது, அதில் அவன் முகத்தை எடுத்துவிடுகிறேன் என்றாள்.

"எல்லா எடத்துலயுமா?"

"எல்லா எடத்துலயும். சத்தியமா பெரியப்பா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்ததும் நீங்க பாத்துட்டு சொல்லுங்க. நான் பாக்க மாட்டேன்," என்றாள். "ஒரு எடத்துல இருந்தாலும் நான் திருப்பி மாட்ட மாட்டேன்."

"மாட்டாம என்ன பண்ணுவ?"

"கடல்ல விட்டுடலாம். சாம்பல விட்ட எடத்துலயே. ஊரெல்லாம் அவனப் பேயாப் பாத்துட்டு இருக்கும். நான் இங்க அதுக்குப் பூ வெச்சுக் கும்பிட்டுட்டு இருப்பேனா? எது என் புள்ளன்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

சொன்னால் செய்கிறவள். அவன் உடுப்புகளை அப்படித்தான் கொடுத்தாள், ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல்.

சில மாதம் கழித்து கொழுந்தியாள் மகளிடமிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. படம் போனில் வந்துவிட்டது, எடுத்துவிட்டேன், பெரியம்மாவிடம் சொல்லுங்கள் என்று. கைகூப்பின படம் ஒன்றும் போட்டிருந்தாள்.

எனக்கு லீவு நாள். வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம் என்று கீழே இறங்கினேன். எங்கள் அடுக்குமாடி பிளாக்குக்கு அடியில் கல்மேசை காலியாக இருந்தது. பக்கத்தில் இரண்டு சீனக் கிழவர்கள் காய் நகர்த்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து பார்த்தேன். எங்கும் தாண்டவில்லை.

வாய் திறக்கும் இடத்தை எடுத்திருந்தாள். அந்த இடத்தில் ஹெல்மெட் மட்டும் காட்டினாள். கண் திரும்புவதும் இல்லை.

ஆனால் தாய் கூடத்தைக் கடக்கும்போது சுவரில் இருந்தான். அலமாரிக் கண்ணாடியில் இருந்தான். போலீஸ் வீட்டுக்கு வந்து பேசும்போது இரண்டு தலைக்கு நடுவில் இருந்தான். படம் எடுத்தவளுக்கு அதெல்லாம் முகமாகவே தெரியவில்லை போல. வீட்டுச் சாமான் மாதிரி, ரைஸ் குக்கர் மாதிரி. நான் எண்ணிக்கொண்டே பார்த்தேன். சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்தி, போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துத்தான் எண்ணினேன். எழுத்து ஓடி முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன்.

மேலே போனேன். என் மனைவி கதவைத் திறந்தே வைத்திருந்தாள். போட்டோவை வெளியே எடுத்திருந்தாள். துண்டை அவிழ்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கடலுக்கா சுவருக்கா என்று அவளுக்கே தெரியாது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"முழுசா?"

"முழுசா."

"இருக்கானா?"

"இல்ல."

"ஒரு எடத்துலகூட?"

"ஒரு எடத்துலகூட இல்ல."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து, துண்டை அவிழ்த்து, கண்ணாடியை அதனாலேயே துடைத்தாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். ஏறி மாட்டினாள். கோணலாக இருந்தது. நேராக்கினாள். இறங்கி நின்று அவனைப் பார்த்தாள். கொஞ்சம் நடுங்கினாள். ஆனால் பார்த்தாள்.

ஆறு இடம்.